பல்லும் வாழ்வும்: கண்டாவளைப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் அரசரையும் போர்களையும், கோயில்களையும் குளங்களையும் ஆராய்வது வழக்கம். அச்சமூகத்தவர் எதனை உண்டனர், எதனை மென்றனர், எவ்வயதிற் பல்லிழந்தனர் என்னும் வினாக்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை ஈர்ப்பது அரிது. சூத்தைப்பல்லுக்குக் கல்வெட்டு இல்லை. முரசு கரைந்தவர் தொகையை எந்த ஓலையும் குறித்து வைக்கவில்லை. எனினும், மக்களின் உணவு, தொழில், குடிப்பெயர்ச்சி, வறுமை, அரசின் அக்கறை, அரசின் அக்கறையின்மை ஆகிய யாவும் தம் சுவட்டைப் பதித்துச் செல்லும் இடங்களுள் வாயும் ஒன்றாகும்.

வன்னிப் பெருநிலத்தின் வடபாலுள்ள கண்டாவளைப் பிரதேசத்தை முன்னிறுத்தி, பல் நோய்களும் பல் பேணலும் காலந்தோறும் அடைந்த மாற்றங்களை நோக்குவது இக்கட்டுரையின் முயற்சி. பல் நோய் பற்றி உலகம் இன்று பெற்றிருக்கும் அறிவின் முதன்மையான கூறுகள் சில, பல்வைத்தியரைக் கண்டறியாத எளிய மக்களின் வாய்களிலிருந்தே திரட்டப்பட்டன. அவ்வாறு திரட்டிய அறிவு அத்தகைய மக்களை மீண்டும் சென்றடைந்தது சிறிதளவே. இதுவே இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

பிரதேசமும் மக்களும்

இரணைமடுக் குளத்திலிருந்து வடகிழக்காகச் செல்லும் கனகராயன் ஆறு கடனீரேரியைச் சேருமுன் கடந்து செல்லும் தாழ்நிலப் பகுதியே கண்டாவளை. முரசுமோட்டை, ஊரியான், பெரியகுளம், புளியம்பொக்கணை, பரந்தன், தருமபுரம், புன்னைநீராவி முதலிய ஊர்கள் இப்பிரதேசத்துள் அடங்குவன. நெற்செய்கையே இங்கு முதன்மைத் தொழில். வடக்கே ஆனையிறவு உப்பளம். கிழக்கே சுண்டிக்குளத்து நீர்ப்பரப்பு. 1984 ஆம் ஆண்டிற் கிளிநொச்சி தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்கோடியாகவே ஆளப்பட்டது. நிருவாகத்தின் ஓரத்தில் இருந்தமை இப்பகுதியின் மருத்துவ வரலாற்றையும் பெரிதும் நிர்ணயித்தது.

இங்கு வாழும் மக்கள் ஒரே வழியில் வந்தோர் அல்லர். பழைய வன்னிக் குடிகள் ஒரு சாரார். இரணைமடுத் திட்டத்தையும் பின்வந்த குடியேற்றத் திட்டங்களையும் ஒட்டி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த கமக்காரர் இன்னொரு சாரார். மலையகத் தோட்டங்களை விட்டு வந்து, தருமபுரம் முதலிய இடங்களிற் காடு வெட்டிக் குடியமர்ந்த தொழிலாளர் குடும்பங்கள் மூன்றாவது சாரார். இம்மூன்றாம் சாராரின் வருகை இக்கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாதது என்பது பின்னர்ப் புலப்படும்.

மரபுவழிப் பல் பேணல்

காலையிற் பல் துலக்குவதைத் தமிழ் மரபு ஒழுக்கத்தின் பகுதியாகவே கொண்டது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, விடியலிற் கோல் மென்று பல் தூய்மை செய்தலை நாட்கடனாக விதிக்கின்றது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்னும் பழமொழி எல்லாரும் அறிந்தது. வன்னியில் வேம்பும் ஆலும் நாயுருவியும் எளிதிற் கிடைத்தன. நெல் விளையும் நிலமாதலின் உமிக்கு என்றும் பஞ்சமில்லை. உமியைக் கரியாக்கி, உப்புடன் சேர்த்து விரலால் தேய்ப்பது பரவலான வழக்கம். உப்போ அயலிலேயே விளைந்தது.

இம்முறைகளின் நிறைகுறைகளை நடுநிலையில் மதிப்பிடுதல் வேண்டும். பல்லில் ஒட்டும் நோய்ப்படலத்தை அகற்றுவதே பல் துலக்கலின் பயன். நன்கு மென்று நாராக்கிய வேப்பங்குச்சி பல்லின் வெளிப்புறத்தில் இதனைச் செவ்வனே செய்யும். ஆனால், உட்புறத்திலும் கடைவாய்ப் பற்களின் இடுக்குகளிலும் குச்சியோ விரலோ சென்று சேர்வதில்லை. நன்கு அரிக்கப்படாத கரியும் மணலும் கலந்த பொடி, பல்லின் கடினமான வெளிப்போர்வையாகிய மிளிரியைத் தேய்த்துவிடும். முதியோர் பலரின் பற்கள் முரசோரத்திற் குழி விழுந்து கூசுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, முன்னோர் முறை முழுவதும் அறிவியலுக்கு உடன்பட்டது என்பதும், அது வெறும் அறியாமை என்பதும் பொருந்தா.

பல்வலிக்குப் பரிகாரமாகக் கண்டங்கத்தரி விதையைத் தணலிலிட்டு அதன் புகையை வாயில் ஏற்பது தமிழரிடையே நெடுங்காலம் வழங்கிய முறை. பல்லுக்குள் வாழும் புழு அப்புகையால் வெளியேறும் என நம்பினர். இந்நம்பிக்கை நம்மவருக்கு மட்டும் உரியதன்று. பாபிலோனியா முதல் ஐரோப்பா வரை பற்புழுக் கொள்கை நிலவியது. 1728 ஆம் ஆண்டிற் பிரான்சியப் பல்வைத்தியர் பியேர் போச்சார் தமது பெருநூலில் அதனை மறுத்தார். 1890 இல், பேர்லினிற் பணியாற்றிய அமெரிக்கராகிய மில்லர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாப்பொருளையும் வெல்லத்தையும் அமிலமாக மாற்ற, அவ்வமிலமே பல்லைக் கரைக்கின்றது என்று நிறுவினார். புழு என முன்னோர் கருதியது கண்ணுக்குப் புலனாகாத உயிராக விளக்கம் பெற்றது.

ஏட்டு மருத்துவமும் தமிழ் வழி மருத்துவக் கல்வியும்

வாய் நோய்களை வகுத்துரைக்கும் மரபு தென்னாசியாவிற் பழமையானது. சுசுருதர் வாய் நோய்களை 65 எனக் கணக்கிட்டு, பல், பல்லடி, உதடு, நா, அண்ணம், தொண்டை என இடம் பற்றி வகைப்படுத்தினார். யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ மரபைப் பேணிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய நூல்கள் ஈழத்துத் தமிழ் மருத்துவத்தின் கருவூலங்கள். அவற்றுட் பரராசசேகரம் 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏழாலை ஐ. பொன்னையா அவர்களாற் பகுதி பகுதியாக அச்சேற்றப்பட்டது. வன்னிப் பரியாரிமார் கைக்கொண்ட மருத்துவமும் இம்மரபைச் சார்ந்ததே.

மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கும் முயற்சி மானிப்பாயிற் சாமுவேல் கிறீன் அவர்களால் மேற்கொள்ளப்பட்டது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர் 1873 வரை இரு தவணைகளிற் பணியாற்றினார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் வழிகாட்டலில் தமிழில் வெளிவந்தன. மருத்துவ அறிவு மக்கள் மொழியில் இருந்தாலன்றி மக்களைச் சேராது என்பது அவர் கொள்கை. அவர் பயிற்றிய மாணவருட் பலர் ஊர்களில் மருத்துவம் செய்தனர். எனினும், அவ்வியக்கம் அவருக்குப் பின் நிலைபெறவில்லை. தமிழில் எழுந்த அம்மருத்துவ அறிவு தொடர்ந்து வளர்ந்திருப்பின், ஆனையிறவுக்குத் தெற்கேயும் அது பரவ வழி பிறந்திருக்கும்.

காய்ச்சலின் நிழல்

1895 இல் லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல், குன்றிவரும் குடித்தொகையையும் காய்ச்சலையும் பறங்கி நோயையும் பேசுகின்றது. பறங்கிநோய் பற்றிக் குடியேற்ற அரசின் மருத்துவத் தலைவர் கின்சி தனி அறிக்கையே எழுதினார். 1934-35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையையே உலுக்கியது. உயிரைக் கொல்லும் நோய்கள் முன்னிற்கையிற் பல் நோயைப் பொருட்படுத்துவார் யார்? மலேரியா ஒழிப்புப் பணி 1940 களின் பிற்பகுதியில் வெற்றி கண்ட பின்னரே வன்னியிற் பெருங்குடியேற்றங்கள் சாத்தியமாயின. மக்கள் நெடுநாள் உயிர் வாழத் தொடங்கியதும், நெடுநாள் வாழ்வோருக்கு வரும் பல் நோய்களும் வெளிப்பட்டன.

இலங்கையிற் பல்மருத்துவக் கல்வி 1938 இற் கொழும்பிலே தொடங்கி, 1954 இற் பேராதனைக்கு மாற்றப்பட்டது. நெடுங்காலம் நாடு முழுவதற்கும் அவ்வொரு நிலையமே பல்வைத்தியரைத் தந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கென நியூசிலாந்தில் 1921 இல் உருவான பற்றாதியர் முறை, கொழும்புத் திட்ட உதவியின் வழியாக 1950 களில் இலங்கையை அடைந்தது. மகரகமையிற் பயிற்சிக்கூடம் அமைந்தது. சிறந்த திட்டமே. ஆயினும், இத்தகைய வசதிகள் நகரங்களில் முதலில் வேரூன்றி, நாட்டுப்புறங்களைப் பிந்தியே எட்டுவது நாமறிந்த வரலாறு. கண்டாவளைக் கமக்காரர் ஒருவருக்குப் பல் வலித்தால் முதலிற் கிராம்பும் உப்புநீரும், அடுத்துப் பரியாரியார், பொறுக்க முடியாவிடிற் பரந்தனிற் புகையிரதம் ஏறி யாழ்ப்பாணம் செல்லுதல். வயல் வேலையைப் போட்டுவிட்டு அவ்வளவு தூரம் செல்வோர், பல்லை அடைத்துக் காக்கும்படி கேட்பதில்லை, பிடுங்கிவிடும்படியே கேட்பர். பல முறை வந்து போக அவர்க்கு நேரமுமில்லை, பொருளுமில்லை. பல்வைத்தியம் என்றாற் பல் பிடுங்குதல் என்னும் எண்ணம் மக்களிடம் ஊன்றியமைக்கு அவர்தம் அறியாமையைக் காட்டிலும் இத்தூரமே காரணம் எனலாம்.

மலையகத்தில் நிகழ்ந்த ஆய்வு

தருமபுரத்திற் குடியேறியோரின் மூதாதையர் வாழ்ந்த மலையகத்தை இவ்விடத்து நோக்குதல் வேண்டும். உலகப் பல்மருத்துவ வரலாற்றில் இலங்கைத் தமிழ்த் தொழிலாளர் அழியா இடம் பெற்றது அங்கேதான்.

நோர்வே நாட்டவராகிய ஹரால்ட் லோ, 1965 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஓகூசு நகரில் ஒரு சோதனை நடத்தினார். பெரும்பாலும் பல்மருத்துவ மாணவரான 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினர். மூன்று கிழமைக்குள் அனைவருக்கும் முரசு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாளில் அது மறைந்தது. பல்லிற் படியும் நுண்ணுயிர்ப் படலமே முரசு நோய்க்குக் காரணம் என்பது இதனால் ஐயமின்றி நிறுவப்பட்டது.

மூன்று கிழமையில் முரசு அழற்சி வருமாயின், வாழ்நாள் முழுவதும் பேணாத வாய்க்கு என்ன நேரும் என்பது அடுத்த வினா. அவ்வினாவுக்கு விடை காண, பல்வைத்தியரையே கண்டறியாத ஒரு மக்கட்கூட்டம் தேவைப்பட்டது. ஐரோப்பாவில் அத்தகையோர் இல்லை. 1970 இல் லோவும் அவர்தம் குழுவினரும் இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களைத் தேர்ந்தனர். 14 வயது தொடங்கி முப்பது வயதளவு வரையிலான 480 ஆண் தொழிலாளர் ஆய்வுக்குட்பட்டனர். பல் நோய்த் தடுப்பையோ சிகிச்சையையோ இவர்கள் ஒருபோதும் பெற்றதில்லை என்பதே ஆய்வின் அடித்தளம். 1985 வரை ஆறு முறை அவர்களது வாய்கள் அளந்து குறிக்கப்பட்டன. நோர்வேயில், ஒழுங்கான பற்பராமரிப்புப் பெற்ற கல்வியாளர் குழுவொன்று ஒப்பீட்டுக்காக ஆராயப்பட்டது.

1986 இல் வெளியான முடிவுகள் பல்மருத்துவ உலகின் எண்ணத்தை மாற்றின. முதலாவது, இத்தொழிலாளரிடம் பற்சூத்தை ஏறத்தாழ இல்லை. பல்லிழப்புக்கு முரசு நோயே காரணம். இரண்டாவது, எல்லாருடைய பற்களிலும் படலமும் காரையும் படிந்திருந்தும் எல்லாரும் ஒரே வகையிற் பாதிப்புறவில்லை. 8 வீதத்தினரிடம் நோய் விரைந்து பரவியது. 45 வயதளவில் அவர்கள் பற்கள் அனைத்தையும் இழந்தனர். 81 வீதத்தினரிடம் நடுத்தர வேகத்திற் பரவியது. அதே வயதில் அவர்கள் இழந்தவை ஏழு பற்களளவே. எஞ்சிய 11 வீதத்தினரிடம் நோய் முரசைத் தாண்டி உட்செல்லவேயில்லை. உடலின் இயல்பும் எதிர்ப்பாற்றலும் நோயின் போக்கை நிர்ணயிக்கும் என்னும் உண்மை இதனாற் புலனாயிற்று. இன்று உலகெங்கும் பல்மருத்துவ மாணவர் இவ்வாய்வைக் கற்கின்றனர். எஞ்சியோருட் 75 பேர் 2010 இல் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். அதன் முடிவுகள் 2017 இல் வெளிவந்தன.

வரலாற்று மாணவர் இங்கு நின்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. 1970 இல் 480 பேராயிருந்தோர் 1985 இல் 161 பேராகக் குறைந்தனர். நெடுங்கால ஆய்வுகளில் எண்ணிக்கை குறைதல் இயல்பு, காரணங்களும் பலவாகலாம். ஆனால், அப்பதினைந்து ஆண்டுகள் மலையக வரலாற்றில் எத்தகையவை? 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட காலம் அது. 1973-74 இல் தோட்டங்களிற் பட்டினி நிலவியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் பலரை வெளியேறச் செய்தது. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளில் வன்செயல்கள் நிகழ்ந்தன. வன்னியிலே தருமபுரம் போன்ற குடியேற்றங்கள் இவ்வலைகளாற் பெருகின. பல்லின் இழப்பை மில்லிமீற்றர் கணக்கில் அளந்த அட்டவணைகளில் மண்ணின் இழப்பை அளக்க நிரல் இல்லை. ஆய்வுக்குட்பட்டோர் இங்கு வந்தனர் என்று கூறச் சான்றில்லை. அவர் போன்றோர் வந்தனர் என்பது உறுதி.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. ஓகூசு மாணவர் மூன்று கிழமை பல் துலக்காதிருந்தனர். பின் துலக்கி நலமடைந்தனர். மலையகத் தொழிலாளர் பதினைந்து ஆண்டு அளக்கப்பட்டனர். ஒரு தரப்பாருக்குப் பேணாமை சோதனையாயிருந்தது. மறுதரப்பாருக்கு அதுவே வாழ்வு. ஆய்வாளரைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. அவர்களே இத்தொழிலாளரின் நிலையை உலகறியச் செய்தனர். அந்நிலையை உருவாக்கிய தோட்ட முறைமையும் அரசுமே வினாவுக்கு விடையளிக்க வேண்டியோர்.

சீனியின் வருகை

1970 இல் அத்தொழிலாளரிடம் பற்சூத்தை இல்லாதிருந்தமை வியப்புக்குரியதன்று. சீனி மிகுதியாக அவர்களை எட்டவில்லை. வன்னியின் பழைய உணவும் இத்தகையதே. சோறு, குரக்கன், மீன், கீரை, ஒடியல் என்பன அன்றாட உணவு. பனங்கட்டியும் பினாட்டும் இனிப்பெனினும் பருவத்துக்குரியன. நாள் முழுவதும் கொறிக்கப்பட்டவை அல்ல.

இனிப்பின் அளவைவிட அதனை உண்ணும் முறையே பல்லைக் கெடுக்கும் என்பது சுவீடனில் நிறுவப்பட்டது. 1940 களின் பிற்பகுதியில் விப்பகோம் என்னும் நிலையத்தில், உளவளர்ச்சி குன்றியோருக்குப் பல்லில் ஒட்டும் இனிப்புகளை உணவு வேளைகளுக்கிடையே கொடுத்துச் சோதித்தனர். அவர்களது பற்கள் பெருஞ்சேதமுற்றன. சோதனைக்கு உடன்படவோ மறுக்கவோ இயலாதோர் அவர்கள். உணவோடு உண்ணும் இனிப்பைவிட இடையிடையே உண்ணும் ஒட்டும் இனிப்புப் பன்மடங்கு கேடானது என்னும் அறிவு அவர்களது வலியில் விளைந்தது. மலையகத்தாரைப் போன்றே இவர்களும் தம் வாயால் உலகுக்குக் கற்பித்தோர் ஆவர்.

இலங்கையில் 1970 களின் நடுப்பகுதியிற் சீனிக்குத் தட்டுப்பாடு நிலவியது. பனங்கட்டித் துண்டைக் கடித்துத் தேநீர் பருகிய காலம் அது. 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் இனிப்புகளும் விசுக்கோத்துகளும் மென்பானங்களும் பட்டிதொட்டியெங்கும் பரவின. அதே வேளை 1980 களில் வந்த புளோரைட்டுப் பற்பசை ஓரளவு காவலாயிற்று. தேசிய வாய்ச்சுகாதார அளவீடுகளின்படி, 12 வயதுப் பிள்ளை ஒன்றுக்குப் பழுதுற்ற பற்களின் சராசரி 1983-84 இல் 1.9 ஆகவும், 1994-95 இல் 1.4 ஆகவும், 2002-03 இல் 0.9 ஆகவும் குறைந்தது. ஆனால், ஐந்து வயதுக் குழந்தைகளின் பாற்பற்களிற் சூத்தை அவ்வளவாகக் குறையவில்லை. 2015-16 ஆம் ஆண்டு அளவீட்டிலும் ஐவரில் மூவருக்கு மேற்பட்டோரிடம் அது காணப்பட்டது. விழுந்து முளைக்கும் பல்தானே என்னும் பெற்றோரின் எண்ணமே இதற்கு ஒரு காரணம். பாற்பல் சீழ்ப்பிடித்தாற் குழந்தை உண்ணாது, உறங்காது. கீழே வளரும் நிலைப்பல்லும் கெடக்கூடும்.

வெற்றிலையும் புகையிலையும்

வெற்றிலைத் தட்டம் இன்றி நம் மங்கல நிகழ்ச்சி இல்லை. நாற்று நடும் பெண்களுக்கும் அருவி வெட்டும் ஆடவருக்கும் வெற்றிலை களைப்பாற்றும் துணை. பல்லிழந்த முதியோர் சிறிய உரலில் இடித்தேனும் அதனை மெல்லுவர். யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் வரை ஏற்றுமதியாகிய பெருமையுடையது. அதன் ஒரு பகுதி நம் வாய்களிலேயே தங்கியது.

1985 இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோய் விளைவிக்கும் என அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்குத் தானும் அத்தகையனவே என்பது 2004 இல் வெளியான அதன் நூலில் உறுதி செய்யப்பட்டது. புகையிலையை விட்டாற் போதும், பாக்கு நல்லது என்னும் எண்ணம் இதனாற் பொய்த்தது. பாக்கு, கன்னத்தின் உட்தசையை நாராக இறுக்கி, வாய் திறக்க முடியாத நிலையையும் உண்டாக்கும். இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே.

இதிலும் இலங்கைக் கிராம மக்களே முன்னோடிகள். சிறு பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளரைக் கொண்டு வீடு வீடாக வாய்களைப் பரிசோதித்து, புற்றுக்கு முந்திய மாற்றங்களைக் கண்டறியலாம் என்பதை இலங்கையில் நடந்து 1984 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. திருவனந்தபுரத்தில் நடைபெற்று 2005 இல் வெளியான பேராய்வு, புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடம் இத்தகைய கண்பரிசோதனை வாய்ப்புற்று இறப்பை மூன்றிலொரு பங்களவு குறைத்தது என நிறுவியது. இதற்குப் பெரும் இயந்திரமேதும் வேண்டா. பகலொளியும் பயின்ற கண்ணும் போதும்.

போரும் மீள்குடியமர்வும்

1990 முதல் வன்னி பொருளாதாரத் தடைக்கும் இடப்பெயர்வுக்கும் உட்பட்டது. ஆனையிறவைச் சூழ்ந்த போர்களும், 1996 இற் கிளிநொச்சி வீழ்ந்தமையும் கண்டாவளை மக்களைப் பலமுறை அலைத்தன. 2008 இன் பிற்பகுதியிற் கிளிநொச்சி வைத்தியசாலை தருமபுரத்துக்கு இடம்பெயர்ந்து இயங்கியது. 2009 சனவரியில் அங்கும் நிலைக்க முடியாமற் போயிற்று. மக்கள் பின்னர்ச் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டு, படிப்படியாக மீளக் குடியமர்ந்தனர். காயமுற்றோரின் குருதியை நிறுத்தவே வழியற்ற காலத்திற் பல்லைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாய்த் தோன்றலாம். ஆயினும், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தம் நிலைப்பற்கள் முளைக்கும் வயதை இடப்பெயர்விலே கழித்தனர் என்பதும் வரலாறே. போரின் இழப்புகளுள் எவரும் எண்ணாத இழப்பு அது.

செய்யத்தக்கன

இவ்வரலாறு உணர்த்தும் கடமைகள் சில. பல் பேணல் விலையுயர்ந்த கலையன்று. புளோரைட்டுச் சேர்ந்த பற்பசையால், மெல்லிய தூரிகை கொண்டு, காலையிலும் இரவு உறங்குமுன்னும் துலக்குதல் தலையாய காவல். இரவுத் துலக்கலே இவற்றுட் பெரிதும் முக்கியமானது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதாற் பல் தன் காவலை இழக்கின்றது. சிறு பிள்ளைகளுக்குப் பயறளவு பசை போதும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசியளவே போதும். உறங்கும் குழந்தையின் வாயில் இனிப்பிட்ட பாற்போத்தலை விடலாகாது. ஆறு வயதிற் பாற்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிலைப்பல் ஆகும். அதனைப் பாற்பல் எனக் கருதிப் பெற்றோர் கைவிடுவது பெருந்தவறு. துலக்கும்போது முரசிற் குருதி கசிந்தாற் துலக்குவதை நிறுத்தலாகாது. குருதிக்கசிவு நோயின் அறிகுறி, துலக்கலே அதன் மருந்து. நீரிழிவுடையோர் முரசைத் தனிக்கவனத்துடன் பேணல் வேண்டும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும். வாயில் வெண்படலமோ செம்படலமோ தோன்றினும், புண் இரு கிழமையில் ஆறாவிடினும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். உலர்வலயத்தின் பழம்பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீரிற் புளோரைட்டு மிகுதியாக உண்டு. வவுனியாவின் சில பகுதிகள் இதற்குச் சான்று. அளவோடு அமையின் பல்லைக் காப்பதும், மிகுந்தாற் பல்லைக் கறைப்படுத்துவதும் அதன் இயல்பு. சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் அது எலும்பையும் முடக்கியமை 1937 இலேயே அறியப்பட்டது. ஆகவே, கிணற்று நீரைப் பரிசோதித்தறிதல் ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் இன்றியமையாதது.

மின்சாரமும் பொறியும் இல்லாத இடங்களிற் கைக்கருவிகளாற் சூத்தையை அகற்றிப் பல்லை அடைக்கும் முறை 1980 களின் நடுப்பகுதியில் தன்சானியாவில் உருவாகியது. பாடசாலை மேசையிற் பிள்ளையைக் கிடத்தியும் இதனைச் செய்யலாம். 2021 இல் உலக சுகாதார நிறுவனம் புளோரைட்டுப் பற்பசையையும், இத்தகைய அடைப்புக்கு உதவும் பொருளையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. நகரத்துக்குச் செல்ல நாளும் பொருளும் அற்றோரிடம் சிகிச்சையே நடந்து செல்லக்கூடிய வழி இப்போது உண்டு.

முடிவுரை

பல்லிழப்பு முதுமையின் விதியென நம் முன்னோர் கருதினர். பதினைந்து ஆண்டு ஆராயப்பட்ட மலையகத் தொழிலாளரின் வாய்கள் அதனை மறுத்தன. எவ்விதப் பேணலுமின்றியே பத்திலொருவர் தம் பற்களைக் காத்துக்கொண்டனர் எனின், சிறிது பேணலும் சிறிது சிகிச்சையும் கிட்டியிருப்பின் எஞ்சியோருட் பெரும்பாலோரும் காத்திருப்பர் என்பது தெளிவு. அவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியோர் அதன் பயனை நுகரவில்லை.

அறிவைப் பெற்றோர் அதனைத் தந்தோருக்குக் கடன்பட்டவர். பல்கலைக்கழகங்களிற் பயிலும் தமிழ் மாணவர் இக்கடனின் ஒரு பங்கையேனும் தீர்க்கலாம். கிறீன் 19 ஆம் நூற்றாண்டில் தொடங்கியது போன்று, தெளிந்த தமிழிற் பல் நலத்தை எழுதி, கண்டாவளைப் பாடசாலைகளுக்கும் தருமபுரத்து வீடுகளுக்கும் அதனைக் கொண்டு சேர்ப்பது கைகூடாத செயலன்று. அவ்வாறு செய்யின், பிறர் அளந்து குறித்துச் சென்ற வாய்கள் தம் வரலாற்றைத் தாமே சொல்லும் காலம் வரும்.